நான் கெடுத்த ஆராய்ச்சி

என் கையெழுத்து எனக்கே நாலு நாள் கழித்துப் புரியாது. எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

திண்டிவனம் பக்கம் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்குக் களை எடுக்கிற வேலை. 2004-இல் ஸ்டெல்லா மேடம் டாக்டர் பட்டத்துக்காக அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். பன்னிரண்டு பாத்தி. ஆறுக்கு உரம், ஆறுக்கு ஒன்றும் கிடையாது. விளைச்சலை எடை போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி வித்தியாசம் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு புள்ளிவிவர மென்பொருள். சனிக்கிழமைதோறும் மேடம் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப்போய் அதைக் கற்றுக்கொண்டு வந்தார்.

உரமில்லாத ஆறு பாத்திகளை என்னால் பார்க்க முடியவில்லை. பந்தியில் ஒரு இலைக்குச் சோறு வைத்து, அடுத்த இலையைத் தாண்டிப் போவது போலிருந்தது. ஏன் இப்படி என்று மேடத்தைக் கேட்டிருக்கலாம். கூச்சம். (மாதா கோயிலில் நடந்த என் கல்யாணத்தில் சாமியார் சம்மதமா என்று கேட்டதற்கு என் அண்ணன்தான் பதில் சொன்னான் என்பார்கள். பொய். நான் தலையை ஆட்டினேன்.) அதனால் தினமும் மேடம் வருவதற்கு முன்பே, அந்த ஆறுக்கும் சாணியைக் கரைத்து ஊற்றினேன். இலை கருகருவென்று வந்தது. புண்ணியம் செய்த நினைப்பில் இருந்தேன்.

அறுவடை முடிந்து, நான் எடைகளை வாசிக்க, மேடம் தட்டினார். இரண்டு வகைக்கும் வித்தியாசமே இல்லை என்றது கம்ப்யூட்டர். எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மேடம் மூன்று தடவை திரும்ப ஏற்றினார். விழுப்புரத்தில் சொல்லிக் கொடுத்தவரும், நீதான் எதையோ தப்பாகத் தட்டியிருப்பாய் என்று அனுப்பிவிட்டாராம். திங்கட்கிழமை கண் சிவந்து வந்தார். தனக்கு இது வராது, ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிளியனூரில் டீச்சர் வேலைக்குப் போவதாகக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன்:

"மேடம், உங்க மேல தப்பு இல்லீங்க. நான்தாங்க ஊத்திக்கினு இருந்தேன்."

"என்னத்த ஊத்துனீங்க?"

"சாணித் தண்ணிங்க. எளச்ச பாத்திக்கு மட்டும்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அப்ப நான் சரியாத்தான் கத்துக்கினு இருக்கேன்" என்றார். கடிதத்தைக் கிழித்தார். எனக்குச் சீட்டுக் கிழியும் என்று நின்றேன். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சூசைண்ணே, அடுத்த வெதப்புப் பட்டத்துல பாத்தியத் தொடக்கூடாது. இங்க உக்காந்து நீங்களே ஏத்துங்க. எதுக்குப் பட்டினி போடறோம்னு அப்பதான் புரியும்."

ஒற்றை விரலால் கற்றுக்கொண்டேன். மறுபட்டத்தில் வாடிய பாத்திகளைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வித்தியாசம் வந்தது. மேடத்துக்குப் பட்டமும் வந்தது. எனக்கு மண்வெட்டி போய் நாற்காலி வந்தது. இன்று படிக்க வருகிற பிள்ளைகள், அடுத்து எந்தப் பட்டனை அமுக்குவது என்று என்னைக் கேட்கிறார்கள். அந்தம்மா அன்று ஒரு புகார் எழுதியிருந்தால் போதும். இதில் எதுவும் இல்லை.

வீட்டில்தான் மரியாதை கிடையாது. போன வருஷம் என் மனைவிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சோற்றைக் குறைத்தார். சாப்பாட்டு நேரத்தில் நான் அடுப்படிப் பக்கம் தலை காட்டினாலே என் மகள் சொல்கிறாள்: "அம்மா, தட்ட மறச்சுக்க. அப்பா ஊத்த வர்றாரு."

மேடம் எழுதச் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. பூசை முடிந்து வந்து எழுதியது, 17 ஜனவரி 2016, ஞாயிற்றுக்கிழமை.