சமூகவியல் மாடியிறங்கிய வரலாறு

உலகச் சமூகவியலை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: எங்கள் துறைத்தலைவர் முனைவர் சேவுகப்பெருமாள் மாடிப்படியில் விழுவதற்கு முன், விழுந்ததற்குப் பின். கூடவே நின்று பார்த்த உதவிப் பேராசிரியன் என்ற முறையில் இதைப் பதிவுசெய்வது என் கடமை.

காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீடுதான் எங்கள் கல்லூரி. சமூகவியல் துறை மாடியில். ஒக்கூரிலிருந்து வரும் எம்.ஏ. மாணவி மாரீஸ்வரியின் சக்கர நாற்காலி முற்றத்தோடு நின்றுவிடும். பாடத்தை அங்கிருந்தே போனில் கேட்பாள். ஆனாலும் 'வகுப்பறைக்குள் உடல் இல்லை' என்பதால் வருகைப்பதிவு கிடையாது. வருகை குறைந்தால் தேர்வெழுத முடியாது. விதி என்றால் விதிதானே?

"கீழ இம்புட்டு எடம் சும்மாத்தானே சார் கெடக்கு? வகுப்ப இங்குட்டு வச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"பாரம்பரியக் கட்டடம்மா. ஒரு பெஞ்ச நகத்துனாலும் பாரம்பரியம் கெட்டுரும்" என்று தலைவர் உருகினார். உருகிய கையோடு 'சமூக விலக்கம்' பாடம் நடத்த மேலே ஏறினார்.

யானைக்கும் அடி சறுக்கும். எங்கள் யானைக்குக் கணுக்காலே முறிந்தது.

மறுநாள் அவசரக் கூட்டம். 'மனித உடல் நொறுங்கத்தக்கது' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். இத்தனை நாள் இது எப்படி எங்களுக்குத் தோன்றாமல் போனது என்று எனக்கே வியப்பு. மதியத்துக்குள் பெஞ்சு, கரும்பலகை எல்லாம் கீழே வந்துவிட்டன. பாரம்பரியம் மூச்சு விடவில்லை.

கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி தலைவர் கண்கலங்கினார். "படியேற முடியாதவன் வேதனை இங்க யாருக்குய்யா தெரியும்?"

மாரீஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குறுக்கே பேசாமல் குறிப்பெடுக்கச் சொன்னேன். தலைவரின் அந்தப் பேச்சே 'முறிவிலிருந்து ஒரு சமூகவியல்' என்ற கட்டுரையாகி, விருதும் வாங்கியது. அவளுக்கும் தினமும் வருகை விழுந்தது. பிள்ளை முகத்தில் அப்போதுதான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆறு வாரத்தில் தலைவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். அன்றே பெஞ்சுகளும் மாடியேறின.

சாயங்காலம் முற்றத்தில் விருதுக்குப் பாராட்டு விழா. மாலையும் கழுத்துமாக இறங்கிவந்த தலைவர் மாரீஸ்வரியிடம் கனிவோடு குனிந்தார்.

"ஒனக்கு என்ன வேணும்னாலும் தயங்காமக் கேளும்மா. ஒன் வலி இப்ப எனக்கும் தெரியும்."

அவள் பணிவாகக் கைகூப்பினாள்.

"பரீட்சை எழுத இன்னுங் கொஞ்சம் வருகை கொறையுது சார். அதுக்குள்ள இன்னொரு தடவ விழுவீகளா?"