கேபிளுக்கு விட்ட அலவன்ஸ்

மேடையில் பேசத் தெரிந்தவனுக்கு உலகில் எல்லாமே தெரியும் என்று நம்புகிறவர்கள் இருவர்தாம். ஒருவர் அவனுடைய தாயார், மற்றவர் அவனே. எங்கள் வீட்டில் அம்மா விரைவிலேயே திருந்திவிட்டார். நான் திருந்துவதற்கு ஒரு கியர் சைக்கிள் தேவைப்பட்டது.

கல்லூரிகளுக்கு இடையிலான பட்டிமன்றத்தில் எங்கள் அணி அரையிறுதியில் வென்ற மாலை அது. இறுதிச் சுற்றின் தலைப்பை அங்கேயே அறிவித்தார்கள்: 'மனிதனைக் கரைசேர்ப்பது மன உறுதியா, கருவிகளா?' எங்களுக்கு மன உறுதி. நன்றி சொல்லுமாறு என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். (கொடுத்திருக்கக் கூடாது.) "அவையோரே! இறுதிச் சுற்றுக்கு நான் எரிபொருளை நம்பி வரமாட்டேன். என் இரு கால்களை நம்பிச் சைக்கிளில் வருவேன்!" என்று முழங்கினேன். அரங்கம் கைதட்டியது. அருகிலிருந்த மைதிலி மட்டும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். அணியில் எனக்கு முன் பேசுபவள் அவள், இறுதியாண்டு மாணவி, அவளுக்கு அது கடைசி மேடை.

"உன்றகிட்ட சைக்கிளே இல்லையேடா?" என்றாள்.

அக்காவிடம் இருந்தது. ஏற்றுமதி நிறுவனமொன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கும் கவிதா அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்காக ஆசையாய் வாங்கிய கியர் சைக்கிள். அதில் கியர்க் கம்பி ஓடும் கறுப்பு உறை வெடித்துக் கிடந்தது.

"கடையில குடுத்து மாத்திக்கடா. நீ கை வெக்காதே," என்றாள் அக்கா.

"ஒரு கம்பி, ஒரு குழாய். இதற்கு ஒரு கடையா?"

"பேச்சுப் போட்டி இல்லடா இது. சைக்கிளு. என்ற சைக்கிளு."

அவள் அலுவலகம் போனதும் புது உறை வாங்கி வந்து மொட்டை மாடியில் அமர்ந்தேன். இங்கே என் குலப்பெருமை குறுக்கிட்டது. என் தந்தை பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பின்னலாடைத் துணி துவைத்தால் சுருங்கும். ஆகவே அளவைக் காட்டிலும் சற்றுக் கூட்டித்தான் வெட்ட வேண்டும். அந்தக் கூடுதலுக்கு 'அலவன்ஸ்' என்று பெயர். எங்கள் வீட்டில் அது துணிக்கு மட்டும் உரிய சட்டமன்று. வாழையிலை நறுக்கினாலும் அலவன்ஸ். பேருந்துக்குக் கிளம்பினாலும் அலவன்ஸ். அளவுக்குச் சரியாக எதையும் வெட்டுபவன் அனுபவமில்லாதவன் என்று பால்குடி மறக்கும் முன்பே நான் கற்றிருந்தேன்.

எனவே பழைய உறையைப் புதியதன் அருகே வைத்து அளந்து, அதற்குமேல் ஒரு சாண் கூட்டி, பிளையரால் நறுக்கினேன். வெட்டுவாய் வட்டமாக இல்லாமல் நசுங்கிய கோரைப்புல் போலிருந்தது. (உள்ளே போவதை யார் பார்க்கப் போகிறார்கள்?) கம்பியைக் கோத்து இழுத்துக் கட்டினேன். பின்சக்கரத்தின் அருகே அந்த உறை ஒரு பெரிய காது போல வெளியே வளைந்து நின்றது. தாராளம் என்று மகிழ்ந்தேன்.

அடுத்து, கியரைச் சரிசெய்யும் படலம். பின்புறம் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பொறி இருக்கிறது. கம்பியின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு இருக்கிறது. அதை எதிரணியின் வாதம் போலக் கருதி, முழுமையாக முறுக்கினேன். சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்றியபோது, சங்கிலி கம்பீரமாகப் பெரிய பல்சக்கரத்தில் ஏறியது. இறங்குவதற்கு மட்டும் யோசித்தது. பொறியை ஒரு தட்டுத் தட்டினேன், இறங்கியது. தட்டினால் இறங்குவதும் இறங்குவதுதானே என்று தீர்ப்பளித்து எழுந்தேன்.

இறுதிச் சுற்று, பல்லடம் சாலையிலுள்ள அருள்புரத்தில் ஒரு மண்டபத்தில். இறுதிப் பேச்சாளர் (நான்தான்) அழைக்கப்படும்போது மேடையில் இல்லையென்றால் அந்த அணி தோற்றதாகக் கொள்ளப்படும், அதுவே விதி. வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியுமாக எங்கள் வீடு இருக்கும் ராயபுரத்திலிருந்து புறப்பட்டேன். ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தில் ஏறும்போது, ஏற்றத்துக்குரிய மிக இலேசான கியருக்கு, அதாவது அந்தப் பெரிய பல்சக்கரத்துக்கு, மாற்றினேன். பூப்போல ஏறியது. இறங்கிச் சமதரைக்கு வந்து கியரை மாற்றினேன். 'டிக்' என்றது. அவ்வளவுதான். மீண்டும் மாற்றினேன். மீண்டும் 'டிக்'. சங்கிலி பெரிய பல்சக்கரத்தைவிட்டு அசையவில்லை. வேட்டி கறைபடுவதையும் பொருட்படுத்தாமல் இறங்கித் தட்டினேன். மொட்டை மாடியில் கேட்ட அந்தப் பொறி, பல்லடம் சாலையில் கேட்கவில்லை.

ஏற்றத்துக்கான கியரில் சமதரையில் செல்வது எப்படியிருக்கும் என்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கால்கள் சூறாவளியாய்ச் சுழலும், சைக்கிள் மாப்பிள்ளை ஊர்வலமாய் நகரும். நெரிசலில் என்னோடு சேர்ந்து ஊர்ந்த கம்பெனி வேனின் சன்னலிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஓவர்லாக் தையல் மிசினாட்டம் காலு ஓடுது, சைக்கிளு நகர்றதக் காணமுங்களே?"

"பாவம், ஏத்திக்கலாமுங்க அக்கா," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "தம்பி, ஏறிக்கிறீங்களா?"

"இல்லீங்க... நான்... சபதம்..." என்றேன்.

"சபதமா? யாருகூடீங்க?"

வேன் சிரிப்போடு நகர்ந்தது. பனியன் மூட்டையைத் தலையில் சுமந்து நடந்த ஒரு வடநாட்டு இளைஞர், என்னைக் கடந்து சென்று திரும்பிப் பார்த்து, "அண்ணா, கியர் மாத்துங்கோ," என்றார். அன்று பல்லடம் சாலை முழுவதும் எனக்குச் சொல்லிய அறிவுரை அதுவே.

கைப்பேசி ஒலித்தது. மைதிலி.

"எங்கடா இருக்கே?"

"வீரபாண்டிப் பிரிவு!"

"முன்னாடி கேட்டப்பவும் அதத்தான சொன்னே!"

"அதைத்... தாண்டிக்கொண்டிருக்கிறேன்!"

"டேய், அடுத்து நான் பேசணும். அதுக்கப்புறம் நீ. நான் எவ்வளவு நேரந்தான் இழுக்கறது?"

அவள் இழுத்தாள். மண்டபத்தின் வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது அவள் குரல்தான் கேட்டது. அவையோருக்கு மூன்றாம் முறையாக வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்த மணி அடித்தது. என் பெயரை அழைத்தார்கள். மேடைப் படியில் தாவி ஏறினேன்.

மனப்பாடம் செய்த முன்னுரை பல்லடம் சாலையிலேயே உதிர்ந்துவிட்டது. கைகளில் கருமை, வேட்டியில் சங்கிலியின் கண்ணிகள் வரிசையாய்ப் பதிந்திருந்தன. மூச்சு மட்டும் இல்லை.

"நடுவர் அவர்களே... கருவி... கைவிட்டுவிட்டது," என்றேன். வேட்டியைத் தொட்டுக் காட்டினேன். "ஆனாலும்... வந்துவிட்டேன்."

அதற்குமேல் பேச வரவில்லை. கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. நான் எழுதியிருந்த நீண்ட உரை சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிடக்க, எங்கள் அணி வென்றது. நடுவர் தம் தீர்ப்பில் மைதிலியின் வாதங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சுத் திரும்பியது. கோப்பையை அவளே ஏந்தினாள். என் கறைபட்ட கையை அதன் பக்கம் அண்டவிடவில்லை.

வீட்டில் அக்கா சைக்கிளைச் சுற்றி வந்தாள்.

"இதென்றா, கேபிளு யானைக் காதாட்டம் நிக்குது?"

"அலவன்ஸ்..." என்றேன்.

"துணிக்கு உடறது சரி. இது எந்தத் தண்ணியில சுருங்கும்?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த காப்பி சிந்தியது; அந்த டம்ளருக்கு மட்டும் அலவன்ஸ் இல்லாமற் போயிற்று. மறுநாள் அக்காவின் மேற்பார்வையில் உறையைச் சரியான நீளத்துக்கு வெட்டி, வாயை அரத்தால் தேய்த்து வட்டமாக்கி, திருகை இம்மியளவாகத் திருப்பித் திருப்பிக் கியரை மாற்றிப் பார்த்தேன். சங்கிலி ஒவ்வொரு பல்சக்கரமாக ஏறியது. தட்டாமலே ஒவ்வொன்றாக இறங்கியது. அந்த மெல்லிய 'டிக்'கைப் போல் நிம்மதியான கைதட்டலை நான் எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து, என் பேச்சு எங்கே நீண்டாலும் அப்பா இரண்டு விரல்களைக் கத்தரி போல விரித்து மூடிக் காட்டுவார். அக்காவின் திருமணத்தில் நான் வாழ்த்துரை வழங்கியபோது முன்வரிசையில் அவர் கை உயர்ந்தது. பக்கத்தில் அம்மாவின் கை. பிறகு மணமேடையிலிருந்து மணப்பெண்ணின் மருதாணிக் கையே உயர்ந்தது. பாதி வாக்கியத்தில் வணக்கம் சொல்லி முடித்தேன். மண்டபம் நிம்மதியாகச் சாப்பிடப் போனது.