பின்பக்கம் தெரியாத லாரி

காரைக்கால் மாவட்டத்தில் ஓடுகிற, ஓடாத எந்த லாரிக்கும் எத்தனை சக்கரம் என்று சரியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, ஆபீசில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து தபால் பதிவு செய்வார். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் டயர் சார்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ராணுவ லாரிகளை, அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சின்னதாகச் செய்வதுதான் அவர் வேலை. சம்பளம் தருகிறார்களே என்று தபாலையும் பார்த்துக்கொண்டார். எதையும் முப்பத்தைந்தால் வகுத்துத்தான் பார்ப்பார். நான் ஆபீசில் சேர்ந்த அன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களச் செஞ்சா நாலே முக்கால் சென்டிமீட்டர் வருவீங்க சார்" என்றார். அப்போதே நான் பத்திரிகையில் எழுத ஆரம்பித்திருந்தேன். என்னைப் பற்றி எனக்கு இருந்த அளவு வேறு.

அந்த நினைப்பில் ஒருநாள் அவரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மேஜைமேல் இருந்த லாரியை எண்ணிப் பார்த்து, "பத்துச் சக்கரமா சார்?" என்றேன்.

"ஆறு சார். சிக்ஸ் பை சிக்ஸ்."

"முன்னாடி ரெண்டு, பின்னாடி எட்டு. பத்து ஆச்சே?"

"ஜோடி டயர் ஒரே கணக்கு சார். புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே ரேஷன் கார்டு இல்லையா? ஆறு இடத்துல சக்கரம், ஆறுக்கும் இன்ஜின் இழுவை உண்டு. அதான் சிக்ஸ் பை சிக்ஸ். நாலுக்குத்தான் இழுவைன்னா சிக்ஸ் பை ஃபோர்."

நான் விடுவேனா? எண்ணத் தெரியாதவர்கள் யுத்தம் செய்த கதை என்று அந்த வாரமே ஒரு கட்டுரை எழுதிவிட்டேன். கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. எழுதியவர்கள் எல்லாரும் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர்கள். அதன் பிறகு நான் பொது இடத்தில் எதையும் எண்ணுவதில்லை.

ஒருமுறை ஆபீசே சேர்ந்து ஒரு யுத்தப் படத்துக்குப் போனோம். கதாநாயகன் குண்டு பாய்ந்து லாரிப் பக்கத்தில் கிடக்கிறான். தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது. டயர் சார் எழுந்து நின்று, "பின்னாடி ஒத்த டயர் போட்டிருக்கான். ஜோடி இருக்கணும்" என்றார். பின் வரிசை அம்மாள் ஒருவர், "உக்காருங்க சார், அவரு நிம்மதியா சாகட்டும்" என்றார். இவர் உட்காரவில்லை. தப்பான சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியாது. வெளியே போய்விட்டார்.

டயர் செய்ய அவருக்கு ரப்பர் வேண்டும். அதை ஹவாய் செருப்பிலிருந்து எடுப்பார். ஆயுத பூஜை அன்று ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போன நான், திரும்பி வந்தபோது குதிகால் இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள் கேட்டால், "நல்ல கருப்பு சார், கிடைக்காது" என்று பாராட்டினார்.

இவரிடம்தான் நான் என் மானத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன்.

என் மாமனாருக்கு என்மேல் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும் வருகிறவர்களிடம் "ஸ்டெல்லா வீட்டுக்காரரு" என்று காட்டிவிட்டு, உடனே சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவுக்குப் போய்விடுவார். அதில் அவருடைய அப்பா ஒரு லாரியின் படியில் கால் வைத்து நிற்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் டிரைவர். "சண்டை நடந்த இடத்துலயே ஓட்டுனவரு" என்பார் மாமனார். சட்டத்துக்குள் லாரியின் முன்பாதி மட்டும் தெரியும்.

அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்த லாரியைச் செய்து கொடுத்து ஒரே நாளில் நல்ல மாப்பிள்ளை ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். போட்டோவைப் போனில் படமெடுத்து டயர் சாரிடம் காட்டினேன்.

"முன் சக்கரத்து நடுவுல குமிழ் புடைச்சிட்டிருக்கு பாருங்க. முன்னாடியும் இழுவை இருக்கு. ஆனா பின்னாடி ஒரு அச்சா, ரெண்டா? தெரியாம நான் கத்தியே எடுக்க மாட்டேன்."

"ரெண்டுன்னு போடுங்க சார். நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாலே முக்கால் சென்டிமீட்டரும் இல்லை.

போட்டோவுக்குக் கண்ணாடி மாற்றித் தருவதாக மாமனாரிடம் பொய் சொல்லிச் சட்டத்தையே கழற்றிக்கொண்டு போனேன். டயர் சார் பின்னட்டையைப் பிரித்தார். போட்டோவின் பாதி பின்பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மெதுவாக நிமிர்த்தினார். பின்னால் இரண்டு அச்சு இருந்தது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. லாரி கருங்கல்மேல் உட்கார்ந்திருந்தது.

லாரி வரப்போகிறது என்று வீடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். "சக்கரத்தை ஒட்டிடுங்க சார். உங்க கால்ல விழறேன்."

"படத்துல இல்லாததை எப்படிச் சார் ஒட்டுறது?"

சட்டத்தைப் பழையபடி மூடி மாட்டிவிட்டேன். பிறந்தநாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரைக் கூட்டி வைத்து, அவர் அப்பாவின் லாரியைக் கல்மேல் நிறுத்திக் காட்டப் போகிறேன்.

பிறந்தநாளான ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு டயர் சார் ஒரு செருப்புப் பெட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்தார். நான் கூடத்துத் தூணோரம் ஒதுங்கிக்கொண்டேன். தப்பி ஓட வாசல் அங்கிருந்துதான் கிட்ட. அவர் மூடியை எடுத்தார்.

லாரி நின்றது. ஆறு இடத்திலும் சக்கரம், பின்னால் ஜோடி ஜோடியாக. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள். மாமனார் மட்டும் போகவில்லை. பின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"பின்னாடி இப்படின்னு எப்படிங்க தெரிஞ்சுது?"

டயர் சாருக்குப் பொய் வராது. "சட்டத்தைப் பிரிச்சுப் பார்த்தோம்ங்க."

நான் வாசலைப் பார்த்தேன். மாமனார் குரலைத் தாழ்த்தினார். "மடிச்சு வச்சது நான்தான். ஓடாத லாரிக்கு டிரைவருன்னு சின்ன வயசுல எங்கப்பாவக் கிண்டல் பண்ணுவானுவ. சக்கரம் இல்லைன்னு பார்த்துட்டுத்தானே வந்திருக்கீங்க? பின்ன ஏன் வச்சீங்க?"

"ராத்திரி தூக்கம் வரலைங்க. யோசிச்சேன். அந்தக் கல்லு வரைக்கும் வண்டி எப்படி வந்துச்சு? சக்கரத்துலதானே வந்திருக்கணும். உங்கப்பாதானே ஓட்டிட்டு வந்திருக்கணும். போட்டோக்காரன் லேட்டா வந்ததுக்கு நாம என்ன பண்றது?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. பிறகு டயர் சாரின் கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்த இடத்தில் உட்கார நான் இருபது வருடமாக முயன்றுகொண்டிருந்தேன். "ஸ்டெல்லா வீட்டுக்காரரே, சாருக்கு மீன் வைங்க" என்றார் என்னிடம்.

எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. டயர் சார் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அவர் இலையை விட்டு நான் நகரவில்லை. கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தேன். முள்ளை எடுத்துக் கொடுக்கவும் கை வந்தது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.