இன்னொருக்கா பாயின் கேப்பு டின்

ஓசூர் தாலுகாவிலேயே அதிக பஸ்களைத் தவறவிட்டவர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதென்றால், அது எங்கள் தெரு இன்னொருக்கா பாய்க்குத்தான். ஐம்பதுகளில் நான் கண்ணால் பார்த்த சங்கதி இது. வீட்டைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போவார். பஸ் நகரும் நேரம் பார்த்து, "இன்னொருக்கா பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பி நடப்பார். கண்டக்டர்கள் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவருடைய நிஜப் பெயர் அவர் வீட்டு அம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து வந்தவர். சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, அடியில் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே குண்டை அமுக்கி, திரும்பவும் தோட்டாவாக்கித் தருவது அவர் தொழில். கேப்பு என்பது குன்றிமணி அளவு சின்னக் கிண்ணம். ரைபிள் ஊசி அதைத் தட்டினால் பொறி பறக்கும், அந்தப் பொறிதான் மருந்தைப் பற்ற வைக்கும். லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அது நேற்றிருந்த மாதிரியே இருக்கிறதா என்று தினம் காலையில் படித்துப் பார்ப்பார்.

மருந்து நிறுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் மூச்சுகூட மெதுவாகத்தான் விடவேண்டும். ஒருமுறை நான் தும்மித் தொலைத்தேன். அதுவரை நிறுத்த மருந்தையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு, "ரைட்டரே, ஜலதோஷம் போனப்புறம் வாங்க" என்றார்.

பாகலூர்ப் பக்கம் ஒரு கவுடரிடம் நான் ரைட்டராக, கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் விருந்துக்கு வந்தவை மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தன. கவுடரிடம் ரைபிள் இருந்தது, தோட்டா இல்லை. பாயிடம் போனால் கேப்பு தீர்ந்துவிட்டதாம். காலி டின்னை என் கையில் கொடுத்து, "பெங்களூர்ல இதே கம்பெனி, இதே சாதியா பாத்து வாங்கியாங்க" என்றார்.

பெங்களூர்க் கடைக்காரன் கைவிரித்துவிட்டான். அந்தச் சரக்கு அடுத்த மாதம்தானாம். வேறு கம்பெனிக் கேப்பு ஒன்று இருந்தது. "அளவு ஒன்னுதான் சார், கச்சிதமா உக்காரும்" என்றான். வாங்கிவிட்டேன்.

பாய் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். "கேப்பு மாறினா மருந்தைக் கொறச்சு முதல்லேருந்து வரணும் ரைட்டரே. ஒவ்வொன்னா சுட்டு, கூட்டை எடுத்து, கேப்பு மொகம் நசுங்கியிருக்கான்னு பாத்துப் பாத்துதான் மருந்தை ஏத்தணும்" என்று நூறு தடவை சொன்னவர். அதற்கு ஒரு வாரம் ஆகும். கவுடரோ, "ஏனய்யா ரைட்டரே, நாளைக்குத் தோட்டா இல்லேன்னா நீயும் இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லியிருந்தார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பஸ்ஸிலேயே, புதுக் கேப்பையெல்லாம் பழைய டின்னுக்குள் கொட்டி மூடியைப் போட்டேன்.

மறுநாள் காலை பாய் டின்னைத் திறந்தார், மூடினார், இன்னொருக்கா திறந்தார். "சரி, மத்தியானம் வாங்க" என்றார். மத்தியானம் போனேன். பெட்டியில் பத்துத் தோட்டா பளபளவென்று இருந்தன. கவுடரின் வண்டிக்காரனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஓட்டலில் டீ சொல்லி உட்கார்ந்தேன்.

டீ வந்தது, ஆறியது. "அடுப்புல வெறகு அதேதான். பத்த வெக்கறது தீக்குச்சியா பந்தமான்னு பாக்க வேணாமா? பந்தமா இருந்தா ரைபிள் பின்னால வெடிக்கும். சுடறவன் கண்ணு போயிடும்" என்று பாய் முன்பொரு தடவை சொன்னது காதிலேயே நின்றது. கவுடர் சாயந்தரம் சுடப்போகிறார். கன்னத்தை ரைபிளில் சாய்த்துத்தான் குறி பார்ப்பார். அடப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

சைக்கிளை எடுத்து மிதித்தேன் பாருங்கள், பாகலூர் ரோட்டில் அப்படி யாரும் மிதித்திருக்கமாட்டார்கள். கவுடர் வீட்டு வாசலில் சைக்கிளோடு விழுந்து, "சுடாதீங்க சாமி! தோட்டா சரியில்லே! நான்தான்..." என்று அலறினேன்.

கவுடர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே பெஞ்சில், கையில் மோர் லோட்டாவோடு, நம் இன்னொருக்கா பாய்.

"அதைத்தான் நானும் சொல்லிட்டிருந்தேன்" என்று என் பேச்சை வெட்டினார் பாய். "பெட்டி மாறிப்போச்சுங்க கவுடரே. அது வெறுங்கூட்டுல குண்டை அமுக்கினது, கேப்பும் இல்லே, மருந்தும் இல்லே. தப்பு என்னுது. ஒரு வாரம் தகரத்தைத் தட்டிப் பன்னி வெரட்டுங்க, நல்ல தோட்டாவா தர்றேன்."

கவுடர் கன்னடத்தில் நாலு திட்டு திட்டினார். பாய் அத்தனையையும் மோரோடு விழுங்கினார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க பாய்?"

"பழைய கேப்பு செம்பு நெறம். நீங்க கொண்டாந்தது வெள்ளை. டின்னை மாத்தினீங்க, நெறத்தையும் மாத்த வேணாமா?"

"காலையிலேயே என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். வருவீங்கன்னு தெரியும். இருந்தாலும் நானும் முன்னாடியே ஒரு பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்."

பாய் பஸ்ஸைப் பிடித்தாராம்!

ஒரு வாரம் கழித்து, வெள்ளைக் கேப்புக்கென்றே மருந்தைக் குறைத்து, சோதித்துச் சோதித்துச் செய்த பத்துத் தோட்டாவோடு இருவரும் பாகலூருக்குக் கிளம்பினோம். பாய் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தார். "ரைட்டரே, பூட்டிடுங்க" என்று சாவியை என்னிடம் நீட்டினார். பூட்டினேன். அவர் பூட்டைத் தொடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பூட்டை இன்னொருக்கா இழுத்துப் பார்த்தேன்.