ஒன்பதாவது வால்வு

செட்டிபாளையத்தில் கடலையும் வாவியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்து முடித்த மனிதர் ஒருவர்தான். கடலை விட்டதற்குக் காரணம், அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவில் பத்திரமாக இருக்கும். ஊருக்கு அவர் மில்லிமீற்றர். மனைவி றோசி அக்கா புட்டுக் குழலைத் தட்டினால், விழுந்த துண்டைக் கண்ணால் மட்டிடுவார்.

"இண்டைக்கு ரெண்டு மில்லிமீற்றர் குறைவு."

"அந்த ரெண்டையும் நாளைக்குச் சேத்துத் தாறன். இப்ப தின்னுங்க."

களுவாஞ்சிக்குடியில் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளை முப்பது வருடம் திருத்தியவர். கடையை விட்டதும் லேத் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்புப் பத்தியில் நிறுத்தி, ஒரு எஞ்சின் செய்யத் தொடங்கினார். நாலு சிலிண்டர். ஆனால் மொத்தமும் பேக்கரியில் விற்கும் ஒரு றாத்தல் பாண் அளவு.

"இதை எதில பூட்டப் போறீங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"ஒண்டிலயும் இல்ல."

"மறுகா எதுக்கு?"

"ஓடுறதுக்கு."

படம் கீறவே எட்டு மாதம். பழைய பிஸ்டன்களை உருக்கி உடலை வார்த்தார். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கை ஒரே இரும்புத் தண்டிலிருந்து கடைந்தார். தலைமயிர் அளவு வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது தண்டைப் பாதி வெட்டிவிட்டு ஒரு மாதம் சும்மா போட்டு வைத்தார். "இரும்புக்கும் கோபம் இரிக்கு தம்பி. ஒரு பக்கம் வெட்டினா மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பும். ஆற விடவேணும்." என் வீட்டிலும் இதே முறையைத்தான் கையாள்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் அடுத்த வீட்டுக்காரன். ஸ்டூலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நக்கலடிப்பது என் பங்கு வேலை.

சிலிண்டருக்கு இரண்டாக எட்டு வால்வு செய்தார். ஒவ்வொன்றும் ஈர்க்குத் துண்டுக்குத் தொப்பி வைத்ததுபோல. அவற்றைத் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் ஒரு வெள்ளைப் பீரிசில் அடுக்கி, வைக்கும்போதும் எண்ணுவார், எடுக்கும்போதும் எண்ணுவார்.

ஒரு காலை, மீன்காரரின் ஹோர்ன் கேட்டு அவர் வேலிப் படலைக்குப் போயிருந்தார். நான் தனியே. அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் ஒரு தேங்காய் விழுந்தது. சண்டைக் காலத்தில் வளர்ந்த உடம்பு என்னுடையது. சத்தம் கேட்டால் முதலில் உடம்பு படுத்துவிடும். என்ன சத்தம் என்று மூளை ஆறுதலாக விசாரிக்கும். படுத்தேன். போகிற வழியில் பீரிசையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஏழு வால்வு அகப்பட்டன. எட்டாவதைக் காணவில்லை. மேசைக்கடியில் நாலு காலில் தவழ்ந்தேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. ஏழையும் பீரிசில் போட்டேன். "வாறன் அண்ணன்" என்றேன். கல்லெறிபட்ட நாய்கூட அதைவிட மரியாதையாக நடந்து போயிருக்கும்.

வீட்டில் சாரம் மாற்றும்போது மடிப்பிலிருந்து வால்வு விழுந்தது. நேர்மையானவன் வேலிக்கு மேலாலேயே பாய்ந்து போயிருப்பான். நான், நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்தேன். மறுநாள் போனால் அவர் லேத்தில் குனிந்து நிற்கிறார்.

"எட்டு எண்டு நினைச்சிரிக்கன் தம்பி. ஏழுதான் செய்திரிக்கன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். புத்திசாலிகள் செய்வதைச் செய்தேன்: அவர் புதியதை முடித்த அன்று, கை கழுவத் திரும்பிய நேரம் பார்த்து, பழையதைப் பீரிசில் மெல்லப் போட்டுவிட்டேன். ஒன்று கூடுதலாக இருந்தால் யாருக்கு நட்டம்?

அடுத்த நாள் எண்ணினார். ஒன்பது. திரும்ப எண்ணினார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். எஞ்சினைப் பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டு உள்ளே போனார்.

ஒரு கிழமை லேத் சத்தம் இல்லை. றோசி அக்கா வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, அவர் பத்திக்குள்ள காலே வைக்கிறாரில்லகா. அவர்ர அப்பாவும் முதல்ல எண்ணிக்கைதான் மறந்தவராம். மறுகா புள்ளைகள மறந்தவர். 'எனக்கும் தொடங்கிற்று றோசி' எண்டு சொல்லிப்போட்டு முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கார்."

அந்த மனிதரின் புத்தியை நான் சாரத்து மடிப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வழியில் சொல்வதற்கு இரண்டு பகிடி ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன். படுக்கையில் அவரைக் கண்டதும் இரண்டும் செத்துப்போயின.

"அண்ணன், நீங்க எட்டுத்தான் செய்தீங்க."

தேங்காய் முதல் பீரிசு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பி இருந்தார்.

"எந்தப் பக்கம் விழுந்த நீ?"

"வலப்பக்கம்."

"வா. படுத்துக் காட்டு."

ஐம்பத்திரண்டு வயதில், இந்த வயிற்றோடு, பத்திச் சீமெந்தில் படுத்தேன். அவர் அளவு நாடாவை எடுத்தார். மேசை விளிம்பிலிருந்து என் சாரத்து மடிப்பு வரை அளந்தார். மறுபடி ஒருமுறை அளந்தார்.

"ம். விழும்."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் கத்தினார்: "றோசி! எட்டுத்தானாம்! நான் எட்டுத்தான் செய்திரிக்கன்!"

உள்ளேயிருந்து மூக்குச் சீறும் சத்தம்தான் வந்தது.

அதன் பிறகு ஏசத் தொடங்கினார். ரோட்டுக்குத் தார் போட்ட வருடம் நான் கிணற்றுக்குள் விட்ட பதினொராம் நம்பர் ஸ்பனர் சாவியில் தொடங்கி, அடுத்த மாரியில் மழையில் நனைய விட்ட அரம், தவசுகாலத்து இரண்டாம் வெள்ளி அவருடைய படத்தில் நான் சிந்திய தேத்தண்ணி, போன ஆவணியில் மூட மறந்த, வால்வு தேய்க்கும் பேஸ்ட் டப்பா என்று, ஏசிக்கொண்டே விரிப்பை இழுத்தெடுத்தார். ஏசிக்கொண்டே முதல் வால்வைத் தேய்க்கத் தொடங்கினார்.

ஆறு கிழமையில் எஞ்சின் ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது, வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து அதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கென்றால் அன்றைய ஏச்சுத்தான் பெரிசு. சீமெந்தில் கிடந்தபடியே ஒரு சொல் விடாமல் கேட்டேன். வருடம் பிசகவில்லை, மாதம் பிசகவில்லை, ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. முடிந்துவிடுமோ என்று பயந்து, "வேற என்ன அண்ணன்?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.