கீபோர்டில் இருந்த குங்குமம்

பெம்பான் எஸ்டேட்

அன்புள்ள பிரிஜிட்டுக்கு,

உன் அண்ணி செசிலியா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வீடு வீடாகப் போய் என்னைப் பற்றிப் பேச முடிகிறதென்றால் குறைந்துதான் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் மதம் மாறவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு நான் உட்கார்ந்திருக்கும் படத்தை என் மகன் யூஜின் தன் அத்தை பார்த்துச் சிரிக்கட்டும் என்று உனக்கு மட்டும் அனுப்பினான். நீயோ அதை தேவாலய மாதர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எங்க அண்ணி போற வயசுல சாமிய மாத்திட்டாங்க" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குங்குமம் எப்படி வந்தது என்பதைப் படித்துவிட்டு, அதே குழுவில் மன்னிப்புக் கேள். படத்தையும் நீக்கு.

யூஜின் தன் ஆபீசில் கழித்துப்போட்ட மூன்று கணினிகளை எஸ்டேட் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தான். எஸ்டேட் மண்டபத்தில் கூரை ஒழுகுகிறது, இன்டர்நெட்டும் கிடையாது. அதனால் அவை என் முன்னறைக்கு வந்தன, உன் அண்ணன் வாங்கிய சோபா பின்கட்டுக்குப் போயிற்று. பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும், என் வீட்டுக்குள் யாரும் மலாய்க்காரர் போலப் பேச்சின் கடைசியில் 'லா' போட்டுப் பேசக்கூடாது என்று சட்டம் வைத்தேன். முதல் சட்டத்தை மட்டும் மதிக்கிறார்கள்.

ஆயுத பூசை அன்று காலையில் தாய்மார்கள் தட்டோடு வந்தார்கள். "பிள்ளைங்க படிக்கிற சாமான் ஆன்ட்டி, பூசை போடாம விடலாமா?" என்று கேட்டாள் நிர்மலாதேவி. அவள் கணவன் லோரி ஓட்டுகிறான். திரைச்சீலைக்குப் பக்கத்தில் சூடம் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கணினித் திரைகளில் விபூதிப் பட்டை, கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு பொட்டு. லோரி டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுபோல இதற்கும் வைக்க வேண்டுமாம். டயர் இல்லாததால் மௌசுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய கைப்பேசிகளும் தட்டில் வரிசையாகப் படுத்திருந்தன.

மதியத்துக்குப் பிறகு நிர்மலாதேவியின் மகள் தாரணி ஓடிவந்தாள். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்த பெண். தொழிற்கல்லூரியில் கணினி படிக்க விண்ணப்பிக்கும் இணையப் பக்கம் சில நாட்களாகத் திறக்கவே இல்லை, அன்றுதான் திறந்தது. மாலை ஐந்து மணியோடு மூடிவிடும். இடம் கிடைக்காவிட்டால் கையுறைத் தொழிற்சாலையில் சேர்த்துவிடுவதாக நிர்மலாதேவி ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். ஆனால் பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாதாம்.

"இன்னிக்கு ஒரு எழுத்து தட்டினாலும் வருசம் பூரா படிப்பு ஏறாது," என்றாள் நிர்மலாதேவி.

"இன்னிக்கு தட்டலைன்னா படிப்பே இல்லம்மா."

"ஃபோன்ல பண்ணு."

"ஃபோனும் சாமிகிட்டதான இருக்கு. நீங்கதான வச்சீங்க."

என்னுடையது பட்டன் ஃபோன். யூஜினை அழைத்தால் எடுக்கவில்லை. தாயும் மகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க வேதக்காரங்க ஆன்ட்டி. உங்க கைக்குத் தடை இல்லலா," என்றாள் நிர்மலாதேவி. அந்த 'லா'வை அன்று மன்னித்தேன்.

அந்த இயந்திரத்தை ஒருநாளும் தொடமாட்டேன் என்று நான் சொல்லியிருந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தேன். தாரணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் கான்வென்டில் டைப்ரைட்டிங் பழகியபடி விசைகளைப் பார்க்காமலே அடித்தேன். பொட்டுகள் எல்லாம் என் விரலுக்கு வந்தன. வியர்வையைத் துடைத்தபோது நெற்றிக்கும் போயின. நீ பரப்பிய மதமாற்றம் இவ்வளவுதான்.

கடைசியில் அனுப்பினால், ஐசி எண், அதுதான் அவளுடைய அடையாள அட்டை எண், செல்லாது என்கிறது கணினி. மறுபடி அடித்தேன். மறுபடியும் செல்லாது. "சாமி குத்தம்," என்று நிர்மலாதேவி சுவரில் சாய்ந்தாள். நான் அடித்ததில் பிழை இருக்காது, பிழை அரசாங்கத்தின் பதிவில்தான் இருக்கும் என்று அவளிடம் உறுதியாகச் சொன்னேன்.

தாரணி மூக்கு திரையில் படும்வரை குனிந்து பார்த்தாள். "ஆன்ட்டி, இது நம்பர் ஒன்னு இல்ல. இங்கிலீஷ் எல்."

உனக்கு நினைவிருக்கும். நம் காலத்து டைப்ரைட்டரில் ஒன்றாம் எண்ணுக்கு விசையே கிடையாது, சிறிய 'எல்' எழுத்தைத்தான் அடிப்போம். என் விரல்கள் அதை இன்னும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றி அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பச்சை எழுத்தில் வந்தது. ஐந்தடிக்கச் சற்று நேரமே இருந்தது. தாரணி தரையில் உட்கார்ந்து அழுதாள். நிர்மலாதேவி எனக்கு மைலோ கலக்கினாள், என் வீட்டு மைலோவையே. பிரிஜிட், எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் யூஜின் வந்து படம் எடுத்தான்.

இது ஒரு நாள் நடந்த காரியம், இனி நடக்காது. கூரையைச் சரிசெய்ததும் கணினிகள் மண்டபத்துக்குப் போகும், சோபா திரும்பி வரும். நான் அவற்றை இனித் தொடப்போவதில்லை. என் வீட்டில் இனிப் பூசையும் இல்லை.

மாதாவின் அடைக்கலம் உன் வீட்டாருக்கு என்றும் இருக்கட்டும். உன் மருமகள் ஷெர்லீனை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
செசிலியா

பி.கு: கடிதத்தை மடிக்கும்போது தாரணி வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. பூசையும் என் கையும் சேர்ந்துதான் கிடைத்தது என்று தாய்மார்கள் முடிவு செய்துவிட்டார்கள். இனி ஒவ்வோர் ஆயுத பூசையும் என் முன்னறையில்தான், அன்று கணினியைத் தொடுகிற உரிமை எனக்கு மட்டுமாம். சம்மதித்துவிட்டேன். சோபாவையும் தாரணி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். படத்தை நீக்காதே, நிர்மலாதேவி அதைச் சட்டம் போட்டு மாட்டக் கேட்கிறாள். கணினிகள் மூன்று இருக்கின்றன, தட்டுவதற்கு நான் ஒருத்திதான். டைப்ரைட்டிங் வகுப்பில் என் பக்கத்து மேசை உன்னுடையது. அடுத்த ஆண்டு பூசையன்று என்னோடு தட்ட வருவாயா, மாட்டாயா? வாட்ஸ்அப்பில் வேண்டாம், கடிதமாகப் பதில் எழுது.