படத்தில் உள்ளபடி ஒரு கோட்டு

மனித நாகரிகத்துக்குத் தூத்துக்குடி வழங்கிய கொடைகள் முத்து, உப்பு, மக்ரூன் ஆகிய மூன்றே என்று எழுதிவைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். நான்காவதாக ஒன்று உண்டு, மூன்றையும்விடப் பெரியது. அது ஒரு சட்டம். எந்தச் சபையிலும் நிறைவேறாதது, எந்தப் பலகையிலும் எழுதப்படாதது, எனினும் எவராலும் மீறப்படாதது. ஓர் ஆளை அவருடைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது என்பதே அது.

இச்சட்டத்தின் பாதுகாப்பில்தான் ஊர் அமைதியாக வாழ்கிறது. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே மூன்று பதாகைகள் நிற்கின்றன. ஒன்றில் ஒரு வட்டச் செயலாளர் பிறந்தநாள் காண்கிறார். இன்னொன்றில் ஒரு தாய்மாமன் சடங்கு வீட்டுக்கு வருக வருக என்று கைகூப்புகிறார். மூன்றாவதில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி இயற்கை எய்தியிருக்கிறார். மூவரும் அணிந்திருப்பது ஒரே கருநீலக் கோட்டு; ஒரே மடிப்பு, ஒரே சிவப்பு டை. கழுத்துக்கு மேலே மட்டுமே கருத்து வேறுபாடு. போவோர் வருவோர் நின்று பார்க்கிறார்கள், மதிக்கிறார்கள், வெயில் ஏறினால் அந்தப் பதாகைகளின் நிழலில் ஒதுங்குகிறார்கள். ஒப்பிடுவதில்லை.

வியப்பு என்னவென்றால், இதே ஊரின் துறைமுகத்தில் ஒப்பிடாமல் ஒரு பெட்டியும் நகராது. அந்த ஒப்பீட்டுத் துறையில் பதினான்கு ஆண்டுகள் பழுத்தவன் இசக்கிராஜா. மில்லர்புரத்தில் வீடு, ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் 'டாக்குமென்டேஷன்' பிரிவு. முந்திரி என்று தாள் சொன்னால் பெட்டிக்குள் முந்திரிதான் இருக்கிறதா, சீல் எண்ணில் ஒரு சைபர் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது அவன் பணி. ஒரே ஒரு சைபருக்காக ஒரு கண்டெய்னரை ஒன்பது நாள் வெயிலில் நிறுத்தியவன் என்ற பெருமை அவனுக்கு உண்டு. மாலை ஆறு மணிக்கு அந்தக் கண்ணைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஊருக்குரிய கண்ணோடு வீடு திரும்புவான்.

முப்பத்தாறு வயதாகியும் அவனுக்குத் திருமணம் கூடவில்லை. பத்தொன்பது ஜாதகங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இருபதாவது முறை அவன் தாய் தங்கத்தாய் கிரகங்களைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு, மகனைச் செல்லப்பாண்டியின் ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போனாள்.

செல்லப்பாண்டியைப் புகைப்படக்காரர் என்று அழைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். கழுத்துக்கு மேலே உள்ளதை மக்களிடமிருந்து பெற்று, கழுத்துக்குக் கீழே இருக்க வேண்டியதை மக்களுக்கு வழங்கும் ஒரு பொதுநலத் தொண்டர் அவர்.

"சட்டையோட இரி தம்பி, போதும். கோட்டு நம்மகிட்ட இருக்கு."

"எங்க அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல."

கம்ப்யூட்டரில் ஏழு உடம்புகள் இருந்தன. ஏழாவதற்குத்தான் கிராக்கி.

"இது யாரு உடம்பு அண்ணாச்சி?"

"அது யாருக்குத் தெரியும்? ஆனா ராசியான உடம்புடே. மூணு கவுன்சிலரு, பதினோரு மாப்பிள்ளை. ஒரு தடவ தோத்ததில்ல." செல்லப்பாண்டி திரையை உற்றுப் பார்த்தார். "ஒன் தல இந்தப் பக்கம் பாக்கு. உடம்பு அந்தப் பக்கம் பாக்கு. அதுக்கென்ன, உடம்பத் திருப்பிருவோம்."

விரல் ஒருமுறை அசைந்தது. பெயர் தெரியாத அந்த மனிதன், எந்த நாட்டில் எந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தானோ, தூத்துக்குடிக்காக வலமிடமாகத் திரும்பினான். அவன் கழுத்தில் இசக்கிராஜாவின் தலை அமர்ந்தது. தங்கத்தாய் திரைக்கே திருஷ்டி கழித்தாள்.

"எம் புள்ள கலெக்டரு மாதிரில்லா இருக்கான்!"

நான்கே நாளில் திருச்செந்தூரிலிருந்து சம்மதம் வந்தது. பெண் அனுசியா, முப்பத்தொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூடவே அவளுடைய படமும் வந்தது. உப்பளத்தில் அன்று வாரிய உப்பைப் போன்ற வெண்மை. தங்கத்தாய் அதைச் செல்லப்பாண்டியிடம் காட்டினாள். அவர் ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் மதிக்கும் முறையில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல வேலை," என்றார். தங்கத்தாய் அதைப் பெண்ணுக்குச் சொன்ன பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

இசக்கிராஜாவுக்கு அந்த வெண்மை பெரிதாகப் படவில்லை. அவனைப் பிடித்து நிறுத்தியது அவள் பார்வை. விடை சரி, வழிமுறை எங்கே என்று கேட்கும் பார்வை. அதை ஒரு நாளைக்கு நாலைந்து முறை எடுத்துப் பார்த்தான். பத்தொன்பது ஜாதகங்களுக்கு வராத பயம், இது போய்விடக் கூடாதே என்ற பயம், இருபதாவதற்கு வந்தது.

இந்த நிலையில்தான் பெண்ணின் தாய்மாமன் செந்தில்முருகனின் தொலைபேசி அழைப்பு வந்தது. திருச்செந்தூரில் லாட்ஜ் நடத்துபவர். ஆகவே ஆட்களை வரவேற்பதில் வல்லவர்.

"மைனி, வாற மாசம் ஆறாந்தேதி பொண்ணு பாக்க வந்துருங்க. ஒரே ஒரு ஆசை. எங்க சொந்தக்காரவுக எல்லாம் மாப்பிள்ளையோட அந்தக் கோட்டத்தான் பேசுதாவ. அந்தக் கோட்டோடயே வந்துட்டாருன்னா ஒரு லட்சணமா இருக்கும்."

"அதுக்கென்ன, அவன் வெளிய தெருவ போனா அதத்தான போடுவான்," என்றாள் தங்கத்தாய். பேசி முடித்துவிட்டு மகனிடம் திரும்பினாள். "ஏலே, கோட்டு வாங்கணும். மூணு வாரந்தான் இருக்கு."

மனிதர்கள் முதல் கோட்டை வாங்கும் வழக்கமான முறை இதுதான்: கடைக்குப் போவது, தனக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. இது அநாகரிகமான முறை. இசக்கிராஜா படத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தான். அப்படிப் பார்த்ததில் ஊரின் ஆயத்த ஆடைக் கடைகள் அனைத்தும் தேர்வில் தோற்றன.

இறுதியில் தாயும் மகனும் கிளைட்டனிடம் போனார்கள். கடற்கரைப் பக்கம், சர்ச்சில் முதல் நற்கருணை பெறும் பிள்ளைகளுக்குப் புதுநன்மைக் கோட்டும் பெரியவர்களுக்குக் கல்யாணக் கோட்டும் தைக்கும் மாஸ்டர். அவர் கைபேசிப் படத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"தம்பி, இதுல பை வலது பக்கம் இருக்கு."

"ஆமா மாஸ்டர்."

"பொத்தான் பொம்பளையாளு சட்ட மாதிரி மாறி வருது."

"படத்துல எப்படியோ அப்படியே வைங்க."

"தோளு பத்தொம்பதரை இஞ்சு வரும். ஒனக்குப் பதினாறுதான் இருக்கு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒண்ணு நீ வளரணும். இல்லாட்டி பஞ்சு வைக்கணும்."

"பஞ்சு வைங்க மாஸ்டர், தாராளமா வைங்க," என்றாள் தங்கத்தாய்.

"சரி. படம் நெஞ்சோட முடிஞ்சிபோச்சி. முதுகுக்கு என்ன செய்ய?"

"முதுகு படத்துல இல்லையே," என்றான் இசக்கிராஜா.

"அதத்தான் கேக்கேன். முதுகு வைக்கவா, வேண்டாமா?"

இசக்கிராஜா யோசித்தான். தாளில் இல்லாததைப் பெட்டியில் ஏற்றக் கூடாது என்பது பதினான்கு ஆண்டுப் பாடம். ஆனாலும் வாழ்க்கையில் சில சலுகைகள் தேவைப்படுகின்றன.

"வைங்க," என்றான்.

"பேண்டு?"

"பேண்டு வீட்ல கறுப்புல ஒண்ணு கெடக்கு," என்றாள் தங்கத்தாய். "படத்துல இடுப்பே இல்ல. பேண்ட எவன் வந்து பாக்கப்போறான்?"

அடுத்து எழுந்தது நிறம் பற்றிய விவாதம். அறிஞர்கள் பாடபேதம் என்று அழைக்கும் சிக்கல் இது. இசக்கிராஜாவின் கைபேசியில் கோட்டு கருநீலம். தங்கத்தாயின் கைபேசியில் கத்தரிக்காய் நிறம். கிளைட்டனின் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தபோது ஏறக்குறைய கறுப்பு. மூலபாடம் எது? பெண் வீட்டாரின் கைபேசியில் உள்ளதே ஆதாரபூர்வமானது என்று தங்கத்தாய் தீர்ப்பளித்து, அங்கேயே செந்தில்முருகனை அழைத்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க போன்ல எம் மவன் என்ன நெறமாத் தெரியுதான்?"

"நல்ல நெறமாத் தெரியுதாரு மைனி!"

ஜவுளிக்கடையில் போய் 'நல்ல நிறம்' ஒன்றே முக்கால் மீட்டர் கேட்டார்கள். கடைக்காரர் ஒருகணமும் தயங்காமல் விலை கூடிய நிறத்தை எடுத்துப்போட்டார். துணியைக் கொண்டுவந்து கொடுத்தபோது கிளைட்டன் தாடையைச் சொறிந்தார்.

"இந்த வருசம் இதே படத்தோட வாறது நீ ஆறாவது ஆளு தம்பி. மொகந்தான் மாறுது."

மேற்கொண்டு ஒப்பிடாமல் அளவு நாடாவை எடுத்தார். அவரும் சட்டத்துக்கு உட்பட்ட குடிமகன்தானே.

ஆறாம் தேதி காலை கோட்டு வந்தது. இசக்கிராஜா அதற்குள் இறங்கினான். அணிந்தான் என்று சொல்ல முடியாது. இருபுறமும் பஞ்சு எழும்பிக் காதுகளை விசாரித்தது. கையைத் தூக்கினால் கோட்டும் கூடவே எழுந்தது. கையை இறக்கினால் கோட்டு இறங்காமல் முறைத்தது. நிலைக்கண்ணாடியில் ஏழாம் எண் உடம்பு நின்றது. அதன் மேலே யாரோ ஒட்டவைத்ததுபோல ஒரு தலை, வியர்த்துக்கொண்டு, அவனையே பார்த்தது.

"அப்படியே படம்!" என்று தங்கத்தாய் கண்கலங்கினாள்.

வாடகைக் காரில் சாய்ந்து உட்கார முடியவில்லை. ஆறுமுகனேரி தாண்டித் திருச்செந்தூர் வரும்வரை முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பரிசுப் பொருள் போல நிமிர்ந்தே வந்தான்.

பெண் பார்த்தல் என்னும் சடங்கின் நுட்பம், அதில் எவரும் எவரையும் பார்ப்பதில்லை என்பதாகும். மாப்பிள்ளை தரையைப் பார்ப்பான். பெண் கையிலிருக்கும் தட்டைப் பார்ப்பாள். மற்றவர்கள் பலகாரத்தைப் பார்ப்பார்கள். திருச்செந்தூர் வீட்டில் கூடியிருந்த பதினான்கு உறவினர்களும் இக்கலையில் தேர்ந்தவர்கள். செந்தில்முருகன் கைபேசியில் மாப்பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, "கோட்டு! அதே கோட்டு!" என்று எல்லாரிடமும் காட்டினார். ஒருமுறைகூட அவர் கண் படத்திலிருந்து ஆளுக்கு வழுக்கவில்லை.

அனுசியா வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இசக்கிராஜாவுக்கு அவளுடைய பாதங்கள் தெரிந்தன. கறுத்த, உறுதியான பாதங்கள். படத்தில் பாதங்கள் கிடையா. ஆகவே முரண்பாடு ஏதும் எழவில்லை.

"ஏளா, மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்க," என்றார் செந்தில்முருகன். "பெறவு பாக்கலன்னு சொல்லப்பிடாது."

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பது மரபு. சிரித்தார்கள். மரபுப்படி பெண் தலையைக் குனிய வேண்டும்.

அனுசியா தட்டைக் கீழே வைத்தாள். மாமன் கையிலிருந்த கைபேசியை வாங்கினாள். நேராக நடந்துபோய், அதை இசக்கிராஜாவின் காதோரம் தூக்கிப் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். மறுபடியும் படத்தை. மறுபடியும் ஆளை.

பதினான்கு வாய்களில் முறுக்கு கடிபடாமல் நின்றது.

"இது நீங்க இல்ல," என்றாள்.

"ஏம்மா, கோட்டு அதேதான?" என்றாள் தங்கத்தாய்.

"கோட்டு அதேதான் அத்தை. ஆளத்தான் காணல. கோட்டுக் கையில டெய்லரு போட்ட சாக்பீஸ் கோடு இன்னும் அழியல, பாருங்க."

"ஏளா, போனக் குடு இங்கன," என்று செந்தில்முருகன் எழுந்தார். "லைட்டு கம்மியா இருக்கு. அதான் அப்படித் தெரியுது."

"லைட்டெல்லாம் போதும் மாமா." அவள் இசக்கிராஜாவின் பக்கம் திரும்பினாள். "எம் போட்டோ ஒங்ககிட்ட இருக்குல்லா? எடுங்க. இங்கன வச்சிப் பாருங்க."

அவன் கோட்டின் வலப்புறப் பையிலிருந்து கைபேசியை எடுத்தான். பஞ்சு அனுமதித்த அளவுக்குத் தலையை நிமிர்த்தினான். மேசை இழுப்பறையில் விட்டுவந்திருக்க வேண்டிய கண் எப்படியோ உடன் வந்துவிட்டது. கையில் ஓர் உப்புப் பாளம். எதிரே கறுத்த, வியர்வை மினுங்கும், கூரிய முகம். நெற்றி அளவு வேறு, தாடை வேறு, நிறம் முற்றிலும் வேறு. அந்தப் பார்வை மட்டும் ஒன்றேதான். வழிமுறை எங்கே என்று இப்போதும் கேட்டது.

"வித்தியாசம் இருக்கு," என்றான், அலுவலகக் குரலில். இருபதாவதும் போகட்டும் என்று நினைத்தானோ, போகக் கூடாது என்று நினைத்தானோ, அவனுக்கே தெரியவில்லை. "எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா சரக்குல கைவைக்க மாட்டோம். பேப்பரத்தான் திருத்துவோம்."

"ஏலே, வாய மூடு!" என்றாள் தங்கத்தாய்.

"எங்க புள்ள நெறத்துக்கு என்ன கொற?" என்று யாராவது கேட்டிருக்கலாம். அந்தப் படம் பொய் என்றாவது, பொய் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். பதினான்கு பேரும் கூரையின் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அனுசியா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவனிடமே சொன்னாள்:

"திருத்துவோம்னு இப்பச் சொல்லுதிய. மூணு வாரமா டெய்லர் கடையிலல்லா நின்னிய? ஒங்க படத்துல இருந்த கோட்டு ஒங்ககிட்ட இல்ல. அலைஞ்சி திரிஞ்சி வாங்கிட்டு வந்துட்டிய. எம் படத்துல இருக்க தோலு எங்கிட்ட இல்ல. அது எந்தக் கடையில கெடைக்கும்னு, இந்தா உக்காந்திருக்காவள்லா, இவிய சொல்லட்டும். நானும் போயி வாங்கிட்டு வந்துருதேன்."